செண்பகக்காவுக்கு முன்னால் போன் எடுக்கிறவள்

டிவி நிகழ்ச்சிக்குப் போன் போட்டால் முதலில் ஒருத்தி எடுத்து, "டிவி சத்தத்தக் குறைச்சுக்கிட்டு லைன்லயே இருங்க" என்று சொல்லுவாளே, அந்த வேலைதான் எனக்கு. தூத்துக்குடியில் எங்கள் லோக்கல் சேனலில் தினமும் பகல் பதினோரு மணிக்குச் செண்பகக்கா பேசுகிற நிகழ்ச்சி வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. அக்காவோடு நீங்கள் பேசுவதற்கு முன்னால் என்னோடு பேசியாக வேண்டும்.

ஆஸ்பத்திரியிலும் கேஸ் ஆபீசிலும் கூரியர் கடையிலும் போன் எடுத்தே காது வெந்துபோன அக்கா தங்கச்சிமாரே, நான் எழுதப்போவது உங்களுக்குச் சட்டென்று விளங்கும். மற்றவர்கள் இனிமேலாவது டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போன் போடுங்கள்.

மூச்சு மட்டும் விட்டவள்

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகி மாப்பிள்ளையூரணியில் வாடகைக்கு வந்தோம். எங்க வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். விடியுமுன் போனால் இருட்டின பிறகுதான் வருவார். கைப்பிள்ளை பியூலாவும் நானும்தான் பகல் முழுக்க. யாரிடமும் பேச எனக்கு வராது. கடைக்குப் போனால் அண்ணாச்சி கேட்குமுன்னே பருப்பு டப்பாவைக் கையால் காட்டிவிடுவேன். எத்தனையோ நாள் அவர் உளுந்துக்குப் பதில் பாசிப்பயறு கட்டிக்கொடுத்து, அதையும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிவந்து சமைத்திருக்கிறேன்.

அப்போதுதான் செண்பகக்கா நிகழ்ச்சி பார்க்க ஆரம்பித்தேன். ஒருநாள் தைரியமாகப் போன் போட்டும்விட்டேன். "சொல்லு தாயி, யாரு பேசுறது?" என்று அக்கா குரல் கேட்டதும் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோனது. வைத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்ததும் அதே நம்பரிலிருந்து எனக்குப் போன் வந்தது. "மூணு நாளா போன் போட்டு மூச்சு மட்டும் விடுறியே, என்ன கஷ்டம் உனக்கு?" என்றார் அக்கா. "ஒண்ணுமில்லக்கா. நீங்க பேசுதத கேட்டுட்டே இருக்கணும்போல இருந்துச்சு" என்றேன். அவ்வளவுதான் நான் பேசினது.

இரண்டு நாள் கழித்து மில்லர்புரத்தில் இருக்கிற ஆபீசுக்கு வரச்சொன்னார். ஒரு வீட்டின் மாடிதான் ஸ்டூடியோ. பழைய குசினியில் போன் மேசை. குசினியிலிருந்து சாப்பாட்டு அறைக்குத் தட்டு நீட்டுகிற சின்ன ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அதன் வழியாக அக்காவின் நாற்காலி தெரியும். இனிமேல் இங்கே உட்கார்ந்து போன் எடு, பிள்ளைக்கு உத்தரத்தில் சேலையால் தொட்டில் கட்டிக்கொள்ளலாம் என்றார். எனக்குப் பேச வராதே என்று அழாத குறையாகச் சொன்னேன். அதற்கு அக்கா சொன்னது:

"பேசத் தெரிஞ்சவ எனக்கு எதுக்கு? அதான் நான் ஒருத்தி இருக்கேன்ல."

கருகின குழம்பு

செண்பகக்கா கடற்கரைக்காரி இல்லை. விளாத்திகுளத்துப் பக்கம் கரிசல்காடு. இங்கே வாக்கப்பட்டு வந்து, வீட்டுக்காரர் தவறின பிறகு, ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு ஆட்டோவில் உட்கார்ந்து மைக்கில் கூப்பிடுகிற வேலை பார்த்திருக்கிறார். "தாய்மார்களே, கொஞ்சம் வாசலுக்கு வாங்க" என்று அவர் கூப்பிட்டால் விளம்பரம் என்று தெரிந்தும் வாசலுக்கு வருவார்களாம். அதைக் கேட்டுத்தான் சேனல் நடத்துகிற அண்ணாச்சி அவரைச் சமையல் நிகழ்ச்சிக்குக் கூட்டிவந்தார். தினம் ஒரு வீட்டுப் பெண் வந்து ஒரு குழம்பு வைத்துக் காட்ட வேண்டும். அக்கா பக்கத்தில் நின்று "அடடா, வாசமே ஆளைத் தூக்குதே" என்று சொல்ல வேண்டும்.

நான் வருவதற்கு முன்னால் ஒருநாள் உப்பளத்தில் வேலைபார்க்கிற ஒரு அக்கா நெத்திலிக் குழம்பு வைக்க வந்திருக்கிறார். செண்பகக்கா சும்மா பேச்சுக்கு, "இந்தக் குழம்ப உங்க வீட்ல மொதல்ல யாரு சாப்பிடுவா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "அவரு. பொறவு மாமியா. பொறவு பிள்ளைய. நான் கடைசியில சட்டியத் தொடச்சிப்பேன்" என்று சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. உப்பில் நின்று வெடித்த காலைக் காட்டியது. தனக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்று பதினைந்து வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை என்றது. சட்டியிலிருந்து புகை வருகிறது. கேமராக்காரர் கையை ஆட்டுகிறார். செண்பகக்கா திரும்பியே பார்க்கவில்லை. அடுத்த வாரம் அடுப்பைத் தூக்கிவிட்டு இரண்டு நாற்காலி போட்டார்கள். அன்றைக்கு ஸ்டூடியோ முழுக்க நிறைந்த புகைக்குள் நின்றுகொண்டு சேனல் அண்ணாச்சி சொன்னதை இப்போதும் அங்கே எல்லோரும் சொல்லிக்காட்டுவார்கள்:

"கொழம்பு போனா போவுது, அந்தப் பேச்ச நிறுத்திராதீங்க."

சட்டை அலசின ஞாயிறு

பதினோரு மணி என்பது எங்கள் ஊரில் ஆம்பளைகள் கடலில் இருக்கிற நேரம். அதனால் பெண்கள் மனசுவிட்டுப் பேசினார்கள். பேசுகிறவர்களின் பெயரை அக்கா கேட்கவே மாட்டார். ரோஜா, அல்லி, முல்லை என்று பூப்பெயர் வைத்துவிடுவார். பிறகு நிகழ்ச்சியைத் துண்டு துண்டாக வெட்டிப் போனில் விட ஆரம்பித்தார்கள். அப்புறம் அது படகிலும் ஓடியது, துபாயிலும் ஓடியது. அக்கா பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். அதே ஊரில் சிலர் குடிகெடுப்பாள் என்றும் சொன்னார்கள். டீக்கடைகளில் பதினோரு மணியானால் சேனலை மாற்றினார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், வீட்டு விஷயத்தைக் காற்றில் விடுவதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அக்கா, "கடலுக்குப் போற மனுசன் பெரிய பாடுதான் படுறாரு. ஆனா அந்தக் கவுச்சிச் சட்டையை ஒரே ஒரு நாள் அவரே அலசிப் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் படகு போகாத ஞாயிறு. எங்கள் தெருக் குழாயடியில் பூசை முடிந்து வந்த ஆம்பளைகள் நாலைந்து பேர் வாளியோடு நிற்கிறார்கள். பெண்டாட்டிமார் வாசலில் நின்று ஒன்றும் தெரியாத மாதிரி பார்க்கிறார்கள். எங்க வீட்டுக்காரரும் போனார். ஒரே சட்டைக்கு ஒரு சோப்பைத் தேய்த்துத் தீர்த்தார். என் வேலை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நான் வெளியிலேயே வரவில்லை. வயசான தண்டல் ஒருத்தர், படகு ஓட்டி ஓட்டிக் கை காய்த்துப்போனவர், மூன்றாவது தடவை தண்ணீர் பிடித்துக்கொண்டே எங்கள் வாசலைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார்:

"ஏளா ஸ்டெல்லா, எத்தன தண்ணில அலசணும்னு அந்த அம்மா சொல்லலியே, நாளைக்கு கேட்டுட்டு வா."

அல்லியின் மாமியார்

காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். அல்லி என்று பெயர் வைத்தார் அக்கா. மாப்பிள்ளை வளைகுடாவில். தினமும் போன் வரும். உம்மாவோடு அரை மணி நேரம் பேசுவார், இவளோடு இரண்டு நிமிஷம். "சாப்பிட்டியா, பிள்ளை தூங்குதா, வெச்சிறட்டா. இதுதான் லாத்தா என் குடும்பம்" என்றாள். அக்காவை அவர்கள் லாத்தா என்பார்கள். அக்கா அவளைச் சமாதானம் பண்ணவில்லை. கேமராவைப் பார்த்து, "தம்பி, நீ அங்க இத பார்த்துக்கிட்டுதான் இருப்ப. அவளுக்கு ரெண்டு நிமிசம் பத்தாதுய்யா" என்று மட்டும் சொன்னார்.

அவள் பேசும்போது பின்னால் ஒரு கிளி கத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கிளியை வைத்து மாப்பிள்ளை தன் வீடு என்று கண்டுபிடித்துவிட்டதாகச் சேதி வந்தது. அல்லிக்கு என்ன ஆகுமோ என்று நான் ஒரு வாரம் பயந்துகொண்டே இருந்தேன். ஒரு வாரம் கழித்து வயசான குரல் ஒன்று போனில் வந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தார்கள். பின்னால் அதே கிளி.

"நான் அல்லிட மாமி பேசுறன். இப்ப அவன் அவளோட அரை மணி நேரம் பேசுறான், எனக்கு ரெண்டு நிமிசம். எனக்கும் ஒரு பூவு பேரு வெச்சித் தாங்கம்மா."

தாமரை

இனி எழுதுவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். சம்பந்தப்பட்டவளிடம் கேட்டுவிட்டேன். எழுது, ஆனால் அக்கா வைத்த பூப்பெயரே இருக்கட்டும் என்றாள்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. போனில் வந்தவள் எங்கள் கடற்கரைப் பேச்சுப் பேசினாள். வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். நல்ல மனுசன்தான், சனிக்கிழமை குடித்தால் மட்டும் வேறு ஆள். போன சனிக்கிழமை கை நீட்டிவிட்டார். கன்னத்தில் தடம் இருக்கிறது, ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. இதையெல்லாம் சீட்டில் எழுதிக் கண்ணாடி ஜன்னலில் ஒட்டினேன். அக்கா படித்துப் பார்த்துவிட்டு லைனை வாங்கினார். தாமரை என்று பெயர் வைத்து, இதையெல்லாம் அவள் வாயாலேயே சொல்லவைத்தார்.

அக்காவுக்குப் பொம்பளையை அடித்தவன் கதை என்றால் முகம் சிவந்துவிடும். "உனக்கு அண்ணன் தம்பி இருக்கானா?" என்று கேட்டார். "ஒரு அண்ணன் இருக்காங்க" என்றாள். "அப்ப நீ ஏன் பயப்படுற? அண்ணன்ட்ட சொல்லு தாயி. தங்கச்சி மேல கைவெச்சவன் சட்டையப் பிடிச்சுக் கேக்கச் சொல்லு. எங்க ஊர்ல அண்ணன்காரன்தான் முன்னால வந்து நிப்பான்." தாமரை பதில் சொல்லவில்லை. அழுகிறாள் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

எனக்கு அவள் ஏன் வாயடைத்தாள் என்று தெரியும். கடற்கரையில் பிறந்த யாருக்கும் தெரியும். சங்குக்கு இறங்குகிறவன் வாயில் கடித்துக்கொண்டு போகிற காற்றுக் குழாயின் மறுமுனை மேலே வள்ளம் என்கிற படகில் கம்ப்ரசரில் இருக்கும். நடுவில் ஒருத்தன் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். அது மடங்காமல், சிக்காமல், கீழே இருந்து இழுத்தால் உடனே தூக்குகிற மாதிரி. கீழே போனவன் உயிர் அவன் விரலில். அந்தக் குழாயைக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுப்பதில்லை. பெண்டாட்டியின் அண்ணன் தம்பி கையில்தான் கொடுப்பார்கள். எந்த அண்ணனும் தன் தங்கச்சியைத் தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. முத்துக் குளித்த காலத்தில் கயிறு, இப்போது குழாய். பிடிக்கிறவன் மச்சான்தான். இரண்டு பேருக்கும் நடுவில் மனத்தாங்கல் வந்துவிட்டால் யாரை நம்பி இறங்குவான்?

அக்காவுக்குக் கரிசல்காட்டு அண்ணனைத்தான் தெரியும். நான் கண்ணாடியைத் தட்டக் கையைத் தூக்கினேன். பாதி தூக்கினதும் கேமரா விளக்கு தெரிந்தது. கையை இறக்கித் தொட்டிலை ஆட்டினேன். பியூலா தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். லைன் என்னிடம் திரும்பி வந்தபோது தாமரை வைக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்:

"இத எங்கண்ணன் பாத்துருவானாக்கா?"

வராத மச்சான்

பார்த்துவிட்டான். அன்று சாயங்காலம் யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். பூப்பெயர் வைத்து என்ன, சங்கு குளிக்கிறவர், ஒரே அண்ணன், ஞாயிறு பூசைக்கு வரவில்லை என்றால் எங்கள் ஊரில் பெயர் எதற்கு? அவன் யார் சட்டையையும் பிடிக்கவில்லை. மறுநாள் விடியற்காலை வள்ளத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். புதன்கிழமையும் வரவில்லை. தாமரையின் வீட்டுக்காரர் இரண்டு நாளும் கரையில் நின்றுவிட்டுத் திரும்பினார்.

வியாழக்கிழமை காலை நான் ஆபீசைத் திறந்து தொட்டில் கட்டும்போதே போன் அடித்தது. தாமரை. "வீம்பு பிடிச்சுட்டாருக்கா. ஒம் அண்ணன் இல்லன்னா கடலே இல்லியாங்காரு. நாளைக்கு கூலிக்கு எவனையோ கூட்டிட்டு இறங்கப் போறாராம். அவன் குழாயே பிடிச்சதில்லியாம். அடிச்சாரு, அதுக்கு எனக்கு ஆத்தாமை இருக்கு. அதுக்காக அவரு கீழ போயி வராம இருக்கணும்னா நான் போன் போட்டேன்?" என்றாள். திங்கட்கிழமை அந்தக் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். விரல் நோகப்போகிறதா?

அக்கா பத்தரைக்கு வந்தார். பவுடர் போட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த இத்தனை நாளில் நான் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினதே இல்லை. அக்கா பவுடர் பஞ்சை மடியில் வைத்துவிட்டார். அரை முகம் வெள்ளையாகவும் அரை முகம் அவர் நிறத்திலும் இருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது:

"ஒருத்தன் உசுரு இன்னொருத்தன் கையில இருக்குன்னு தெரியாம, அந்தக் கையத் தட்டி விட்டுட்டேனா ஸ்டெல்லா?"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

பதினோரு மணிக்கு அக்கா மீதி முகத்துக்குப் பவுடர் போடாமலே போய் உட்கார்ந்தார். "திங்கக்கிழம தாமரைக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். அடிச்சது தப்புன்னு சொன்னேன், அதுல மாத்தமில்ல. யாரு கேக்கணும், எப்ப கேக்கணும்னு சொன்னதுல நான் தப்புப் பண்ணிட்டேன். நான் மேட்டுக்காட்டுக்காரி. கடலப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவ ஒருத்தி இங்க இருக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்து, என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அவர் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்.

விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. தெரியாததுதான் நல்லதாகப் போயிற்று. போனில் பேசுகிற மாதிரியே பேசினேன். "தாமரையோட அண்ணன் கேட்டுட்டு இருந்தீங்கன்னா, நாளைக்கு உங்க மச்சானுக்கு எவனோ குழாய் பிடிக்கப் போறான்" என்றேன். அதற்குமேல் வரவில்லை. அப்போது குசினியில் போன் அடித்தது. எடுக்க ஆளில்லை. எடுக்கிறவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். செண்பகக்கா ஓடினார். ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது: "டிவி சத்தத்தக் குறைங்க தம்பி. லைன்லயே இருங்க." பியூலா விழித்து அழுதாள். அவளை இடுப்பில் எடுத்துக்கொண்டே, லைனை ஸ்டூடியோவுக்கு விடுகிற பட்டனை அழுத்தினார்.

அண்ணன்தான். "நான் கோவிச்சுக்கிட்டு வராம இருக்கேன்னு ஊர்ல பேசுதாங்க" என்றான். "அப்படி இல்ல. என் தங்கச்சி கன்னத்துல தடத்தப் பாத்தேன். மனசு கொதிக்கி. இந்தக் கையால குழாயப் பிடிச்சா எனக்கே என்மேல நம்பிக்க இல்ல. ஒரு நிமிசம் கவனம் தப்புனா போதும். அதுக்குப் பயந்துதான் போகல." இந்தத் தடவை வைத்துவிட்டு ஓட முடியாது. "அப்ப நீங்க போகாண்டாம்ண்ணே. அவரும் போகாண்டாம். மொதல்ல கரையில வச்சுக் கேட்டு முடிங்க. கேட்டு, உங்க கை ஆறுன பொறவு ரெண்டு பேரும் கடலுக்குப் போங்க. அதுவரைக்கும் அவர யாரும் வள்ளத்துல ஏத்தாதீங்க" என்றேன். கடைசி வார்த்தை யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கரையில் இருந்தவர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை விடியற்காலை கூலி ஆளைக் கூட்டிக்கொண்டு போன தாமரையின் வீட்டுக்காரரை வள்ளத்தில் இருந்த ஒருத்தரும் ஏறவிடவில்லை. பெரியவர் ஒருத்தர் அவரிடம் சொன்னாராம்:

"மச்சான் இல்லாதவனுக்கு இங்கன எடமில்ல, போயி மொதல்ல அவன்ட்ட ஏச்சு வாங்கிட்டு வா."

ஒன்பது நாள்

தாமரையின் வீட்டுக்காரர் மறுநாளிலிருந்து ஒன்பது நாள் கரையில் இருந்தார். முதல் இரண்டு நாள் அதே வீம்பு. தாமரை அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் மச்சான் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். அண்ணன் சட்டையைப் பிடிக்கவில்லை. தங்கச்சியைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்து, "இப்ப நீ கேளு" என்று சொல்லியிருக்கிறான். தாமரை கேட்டிருக்கிறாள். என்ன கேட்டாள் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை குடிக்கமாட்டேன் என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை அப்படி இருந்தும் காட்டின பிறகுதான் அவள் வீட்டுக்குத் திரும்பினாள். இன்னொரு தடவை கை நீண்டால் அண்ணன் குழாயைத் தொடமாட்டான் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

பத்தாம் நாள் இரண்டு பேரும் வள்ளத்தில் போனார்கள். அன்றைக்குப் போன் அடிக்கும்போதெல்லாம் தாமரைதானோ என்று பாய்ந்து எடுத்தேன். ஒருத்தி பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் மாமனாரோடு சண்டை என்றாள். அதையும் ஒழுங்காகக் கேட்க முடியவில்லை. மறுநாள்தான் தாமரை கூப்பிட்டாள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லுமுன்னே சிரித்தாள். கடலில் நடந்ததை வீட்டுக்காரரே வந்து சொன்னாராம். இறங்குவதற்கு முன்னால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழாயை வாயில் வைக்காமல், "மச்சான், கோவம் போயிட்டா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் குழாயை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு சொன்னானாம்:

"பாதி போயிட்டு, எறங்கு. மீதிய நீ ஏறி வந்த பொறவு பாத்துக்கிடலாம்."

இரண்டு பக்கத்து ஏச்சு

இதற்குப் பிறகு செண்பகக்காவை எல்லோரும் புகழ்ந்தார்கள் என்று நினைத்தால் தப்பு. பொம்பளைக்குச் சொன்ன ஆறுதலைத் திருப்பி வாங்கிவிட்டார் என்று சில பெண்கள் ஏசினார்கள். முதலிலேயே வாயை மூடியிருந்தால் இத்தனை வந்திருக்குமா என்று ஆம்பளைகள் ஏசினார்கள். இரண்டு பக்க ஏச்சையும் நான்தான் போனில் வாங்கினேன். ஏச வருகிறவர்கள் மட்டும் ஒருபோதும் டிவி சத்தத்தைக் குறைப்பதில்லை. தங்கள் ஏச்சைத் தாங்களே டிவியிலும் கேட்க வேண்டும் போல.

எனக்கு அக்காமேல் குறை இல்லை. தெரியாததைத் தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் பாதி பவுடர் முகத்தோடு சொல்ல எத்தனை பேரால் முடியும்? எங்கள் தெருவில் ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் கேட்கத் தெரியாமல் இருந்தோம். அவர் வந்துதான் கேட்க வைத்தார். ஆனால் இப்போதெல்லாம் ஒருத்திக்கு யோசனை சொல்வதற்கு முன்னால் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். நான் தலையை ஆட்டினால் சொல்லுவார். ஆட்டாவிட்டால், "கொஞ்சம் பொறு தாயி" என்று விளம்பரம் போடச் சொல்லிவிட்டு எழுந்து குசினிக்கு வருவார். கேமராக்காரர் இதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் சேனல் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னார்:

"நிகழ்ச்சிய நடத்துறது யாருன்னு மொதல்ல சொல்லுங்க, நான் கேமராவ அங்கன திருப்பிக்கிடுதேன்."

கடையில் இப்போது உளுந்து என்று வாய்விட்டுக் கேட்டு உளுந்தே வாங்கிவருகிறேன். ஊர் முழுக்க டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லியே பிழைக்கிற என்னைப் பார்த்து, எங்க வீட்டுக்காரர்தான், "லைன்லயே இரு ஸ்டெல்லா, சத்தத்த மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கிடு" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்.